கால் கிடைத்தது, தலை கிடைக்கவில்லை

அட்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் சனிக்கிழமை காலைகளில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். தரம் 7, 8 பிள்ளைகள். போன மழை ஓய்ந்த வாரம் ஒரு பையன் புத்தகப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தான். தேங்காய் அளவு, நல்ல உருண்டை. மேலே ஓடு மாதிரி ஒரு படலம் உரிந்து, அதற்குள் இன்னொரு படலம் தெரிந்தது.

"சேர், இது டைனோசர் முட்டைதானே?"

ரோட்டுக்கு மண் வெட்டிய இடத்தில் கிடைத்ததாம். அங்கே இன்னும் நிறைய இருக்கிறதாம். ஒரு பெரிய முட்டை ஆட்டோ அளவுக்கு இருக்கிறதாம். அந்தக் கடைசித் தகவலில்தான் மற்றப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தது.

முட்டை இல்லை. ஆனால் அவன் பார்த்தது தவறும் இல்லை; படலம் படலமாக உரிவது உண்மைதான். மலைப்பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுந்து, பாறை பெட்டி பெட்டியாகப் பிரிந்திருக்கும். வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். பெட்டியின் தட்டையான பக்கத்தைத் தண்ணீர் ஒரு திசையிலிருந்துதான் அரிக்கும். விளிம்பை இரண்டு திசையிலிருந்து. மூலையை மூன்று திசையிலிருந்து. அதனால் மூலைதான் முதலில் போகும். மூலை போகப் போகப் பெட்டி உருண்டையாகிவிடும், தோல் வெங்காயம் மாதிரி உரியும். தேயிலை மலைகளில் யாரோ உருட்டிவிட்டது போல நிற்கும் உருண்டைக் கற்களில் பல இப்படி வந்தவை.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப நம்ம மலையில டைனோசரே இல்லையா சேர்?" என்றான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. வகுப்பில் சொன்னதை அப்படியே எழுதவில்லை. வகுப்பில் நாற்பது நிமிஷம்தான், அதில் பத்து நிமிஷம் அந்தக் கல்லைக் கைமாற்றிப் பார்ப்பதிலேயே போய்விட்டது.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். டைனோசர் இங்கே வாழ்ந்ததா என்பது ஒரு கேள்வி. அதன் எலும்பு இங்கே கிடைக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

எலும்பு கல்லாக மாறிக் கிடைக்க வேண்டுமென்றால், செத்த விலங்கை நாய் நரி தின்று முடிப்பதற்குள் சேறோ மணலோ மூட வேண்டும். அந்தச் சேறு மேலே மேலே படிந்து இறுகிக் கல்லாக வேண்டும். அதற்குத் தோதான இடம் ஆற்றுப் படுகை, ஏரி, கடலோரம். நம் மலைநாட்டுப் பாறைகளின் கதை வேறு. ரோட்டுக்குக் கொட்டும் கருங்கல் சல்லியில் ஒரு பிடி எடுத்துக் கழுவிப் பாருங்கள். பல கற்களில் மாதுளை முத்து மாதிரி செம்புள்ளிகள் இருக்கும். அது கார்னட். இங்குள்ள பாறைகளில் அது வர வேண்டுமானால் கடும் அழுத்தமும் சூடும் வேண்டும். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக்கொண்ட காலத்தில், இந்தப் பாறைகள் நிலத்துக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 800 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வெந்து உருமாறியவை. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு அரிப்பில் கரைந்து போனதால்தான் அவை இன்று வெளியே தெரிகின்றன.

டைனோசர்கள் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். அப்படியென்றால் நம் பாறைகள் டைனோசரைவிட இருமடங்குக்கும் மேல் மூத்தவை. ரொட்டியைச் சுட்டு இறக்கிய பிறகு அதற்குள் தேங்காய்ப்பூ போட முடியாதல்லவா, அதே கணக்குத்தான். மலையை எவ்வளவு தோண்டினாலும் உள்ளே டைனோசர் இருக்க வழியில்லை.

இலங்கையில் டைனோசர் காலத்துப் பாறையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம பக்கம் சிறுசிறு பள்ளங்களில் ஜுராசிக் காலத்துப் படிவுப் பாறை தப்பிப் பிழைத்திருக்கிறது. அங்கே அந்தக் காலத்துச் செடிகளின் இலை அச்சுகள் கிடைத்திருக்கின்றன. பன்னம், ஊசியிலை மரம், சைக்கஸ் போன்றவை. அப்புறம் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் எலும்புகள் வருவதைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை மிகப் பிந்திய காலத்தவை. 'இல்லம' என்று சொல்லும் அந்தக் கூழாங்கல் படுகையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்கள் வந்திருக்கின்றன. பி. ஈ. பி. தெரணியகல அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியவர். இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானை இருந்தது என்பதே போதிய ஆச்சரியம். ஆனால் பையன் கேட்டது டைனோசர். சரி, அதற்கு வருவோம்.

ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில் இலங்கை தீவாக இருக்கவில்லை. இந்தியாவின் தெற்கு ஓரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கத்தில் அந்தாட்டிக்கா இருந்தது. எல்லாம் சேர்ந்த பெருநிலத்துக்குக் கொண்டுவானா என்று பெயர். நம் கொள்ளுப்பாட்டன்மார் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். அந்தக் காலத்து டைனோசருக்குத் தோணி தேவைப்பட்டிருக்காது, நடுவில் கடலே இல்லை. எனவே "இங்கே வாழ்ந்ததா?" என்ற கேள்விக்கு, வாழ்ந்திருக்கத் தடை ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். எப்படிப்பட்ட விலங்கு என்று தெரிய வேண்டுமானால், அந்தக் காலத்துச் சேறு கல்லாகி இன்னும் மிஞ்சியிருக்கும் பக்கத்து நிலத்துக்குப் போக வேண்டும். அது கோதாவரிப் பள்ளத்தாக்கு.

பிராணஹிதா ஆறு கோதாவரியில் சேரும் பகுதியில் கோட்டா படிவு என்று ஒரு பாறைத் தொகுதி இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்துக்கு அருகே 1950களின் கடைசியில் பெரிய எலும்புகள் தென்பட்டு, 1961இல் முறையாகத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் யார் தெரியுமா? கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்து ஆட்கள். கணக்குப் போடுகிறவர்களுக்கு டைனோசரோடு என்ன வேலை என்று நானும் முதலில் நினைத்தேன். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், புள்ளியியலை எல்லா அறிவியலோடும் கலக்க விரும்பியவர். எலும்பை அளந்து ஒப்பிடுவதும் அளவைதானே என்று, பமேலா ராபின்சன் என்ற பிரித்தானிய ஆய்வாளரின் உதவியோடு அங்கே பாறைகளை ஆராயும் ஒரு புவிச்சரிதவியல் பிரிவை உண்டாக்கினார். அந்தப் பிரிவுதான் கோதாவரிக்குப் போனது.

கிடைத்த தொடை எலும்பு ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். நான் ஐந்தடி ஐந்தங்குலம். அந்த ஒற்றை எலும்பு என்னைவிட உயரம். வகுப்புச் சுவரில் அந்த உயரத்துக்குச் சோக்கால் கோடு போட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முதுகை ஒட்டி நின்று பார்த்தார்கள். யாருடைய தலையும் எட்டவில்லை.

1975இல் ஜெயின், குட்டி, ராய்சௌத்ரி, சாட்டர்ஜி ஆகிய நால்வரும் அதற்குப் பெயர் வைத்தார்கள்: பாரபாசோரஸ் தாகோரை. வங்காள மொழியில் 'பெரிய கால்' என்பதிலிருந்து முதற்பாதி. தோண்டத் தொடங்கிய ஆண்டு தாகூரின் நூற்றாண்டு, அதனால் பிற்பாதி. இலங்கைக்கும் வந்து போன கவிஞர் ஒருவரின் பெயர் இப்படி ஒரு டைனோசரின் வாலில் தொங்குகிறது.

இது சௌரோபாட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. நீண்ட கழுத்து, சின்னத் தலை, தூண் மாதிரி நாலு கால், நீண்ட வால், செடிகொடிதான் சாப்பாடு. படத்தில் பார்த்தவுடன் "ஆ, இதுவா" என்பீர்களே, அந்த உருவம். அந்தக் கூட்டத்தின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒன்று பாரபாசோரஸ், வயது ஏறத்தாழ 18 முதல் 19 கோடி ஆண்டு. மூக்கிலிருந்து வால்நுனி வரை சுமார் 14 மீட்டர் என்பது பொதுவான கணிப்பு, கொஞ்சம் குறைத்து 12 என்பாரும் உண்டு. பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டடிப் பக்கமாக நாலு காம்பராவை வரிசையாக வைத்தால் இந்த விலங்கு படுத்துக்கொள்ளும். எடை ஏழு டன் வரை என்று மதிப்பிடுகிறார்கள். கண்டிப் பெரஹெரவில் பேழை சுமந்து வரும் பெரிய ஆண் யானை நாலைந்து டன் இருக்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த விலங்கின் தலை கிடைக்கவில்லை.

சுமார் 300 எலும்புகள் கிடைத்தன. ஒரு விலங்கு அல்ல, குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்தன. தொடை, முதுகெலும்பு, இடுப்பு, வால் எல்லாம் உண்டு. மண்டையோடு இல்லை, சில பற்கள் மட்டும்தான். கழுத்தெலும்புகளும் முழு வரிசையாக இல்லை. நெடுங்கழுத்து டைனோசர் என்று சொல்கிறோம், கழுத்து அரைகுறை, தலை இல்லவே இல்லை. இதை எப்படி நம்புவது?

முதலில், தலை எங்கே போனது?

எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு ஓடை போகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாடு மழைநேரத்தில் வழுக்கி விழுந்து அங்கே செத்துக் கிடந்தது. தூக்க முடியாத இடம். போகிறபோதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பேன், இந்தப் பழக்கம் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. சதை போன பிறகு முதலில் கழன்றது கீழ்த்தாடை. அடுத்த பெருமழைக்கு மண்டை காணாமல் போய், கீழே பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் சிக்கியிருந்தது. குளம்புப் பக்கத்துச் சின்ன எலும்புகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. இடுப்பும் தொடையும் முதுகெலும்பின் ஒரு துண்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. பாரம் அதிகம், ஓடைத் தண்ணீரால் நகர்த்த முடியவில்லை.

கோதாவரியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த எலும்புகளோடு பெரிய பெரிய மரத்தண்டுகளும் கல்லாகிக் கிடந்தன. ஒரு கூட்டம் வெள்ளத்தில் மாட்டியிருக்கலாம், வேரோடு பிடுங்கிய மரங்களோடு உடல்கள் அடித்து வரப்பட்டு, தண்ணீர் வேகம் குறைந்த சமவெளியில் ஒதுங்கியிருக்கலாம். பிறகு சதை அழுகிய நேரத்தில் இலேசான எலும்புகளைத் தண்ணீர் கொண்டுபோனது. சௌரோபாட்டின் மண்டையோடு உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சின்னது, மெல்லிய எலும்புகளால் ஆனது, கழுத்தோடு பலமாகப் பிணைந்ததும் அல்ல. அதனால் உலகம் முழுக்க இந்தக் கூட்டத்தில் தலை கிடைப்பது அபூர்வம். அதே கோட்டா பாறையிலிருந்து வந்த இன்னொரு ஆரம்பகால நெடுங்கழுத்தன் கோட்டாசோரஸ். 1988இல் யாதகிரி என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். ஒன்பது மீட்டர் எலும்புக்கூடு ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. அதற்கும் மண்டையோடு கிடைக்கவில்லை, பல்தான்.

ஆறு விலங்கு என்று எப்படி எண்ணினார்கள் என்பதும் ஒரு நல்ல கேள்வி. இதற்கு மிக எளிய வழி இருக்கிறது. கோயில் திருவிழா முடிந்து வாசலில் செருப்புகள் கலைந்து கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். மொத்தச் செருப்பை எண்ணி இரண்டால் வகுத்தால் தப்பாகிவிடும், நாய் தூக்கிப்போன ஒற்றைகள் இருக்கும். இடது செருப்பை மட்டும் எண்ணுங்கள், வலதை மட்டும் எண்ணுங்கள். எது அதிகமோ அத்தனை பேராவது நிச்சயம் இருக்கிறார்கள். ஒரு விலங்குக்கு இடது தொடை எலும்பு ஒன்றுதானே. எலும்புக் குவியலில் ஒரே பக்கத்து ஒரே எலும்பு எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் "குறைந்தது இத்தனை" என்று சொல்லிவிடலாம். அந்தக் 'குறைந்தது' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

இனி எலும்பைப் பார்த்து விலங்கைக் கட்டுவது. தொடை எலும்பு நேராக, தூண் மாதிரி இருக்கிறது. வளைந்த தொடை ஓடிப் பாய்கிற விலங்குக்கு உதவும், நேரான தொடை பாரத்தை நேராகத் தரைக்கு இறக்கும். இஸ்தோப்புத் தூணை யாரும் வளைத்து வைப்பதில்லை. தூணின் தடிப்பைப் பார்த்து மேலே தகரக் கூரையா கொங்கிறீட் தட்டா என்று ஊகிக்க முடியும். எலும்பின் நடுப்பகுதிச் சுற்றளவை அளந்து, இன்றுள்ள விலங்குகளின் எலும்பும் எடையும் எப்படிப் பொருந்துகின்றன என்று ஒப்பிட்டு எடையைக் கணிக்கும் முறையும் அப்படித்தான். வெவ்வேறு முறையில் வெவ்வேறு விடை வரும், அதனால்தான் டைனோசர் எடைகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகின்றன. பிள்ளைகள் இதைப் பெரிய குற்றமாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தராசில் நிறுத்த ஏழு டன்னுக்கும் எலும்பில் கணித்த ஏழு டன்னுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும்.

முன்னங்கால் பின்னங்காலோடு ஒப்பிடும்போது நல்ல நீளம். இது முக்கியம். ஏனென்றால் இந்த வம்சத்தின் மூத்தவர்கள் இப்படி இருக்கவில்லை. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரேசில், ஆர்ஜன்டீனா பக்கம் வாழ்ந்த முன்னோடிகள் சின்ன விலங்குகள், பின்னங்காலில் நடந்தவை. பிரேசிலின் சட்டர்னேலியா மூக்கிலிருந்து வால் வரை ஒன்றரை மீட்டர் அளவுதான், அதிலும் பாதி வால். அந்த வம்சம் எப்படி லயம் நீளத்துக்கு வளர்ந்தது என்பதுதான் விஷயம். பாரபாசோரஸ் போன்றவை மதிப்பு மிக்கவையாக இருப்பது அவை நடுவழியில் நிற்பதால். இடுப்போடு இணைந்த முதுகெலும்புகளை எண்ணினால் அதில் நாலு. பழைய உறவினர்களில் பெரும்பாலும் மூன்று, பிந்திய பெரிய சௌரோபாட்களில் ஐந்து. எடை கூடக் கூட இடுப்பில் பிணைப்பும் கூடுகிறது. அதன் பல் கரண்டி வடிவம், அது புதிய பாணி. ஆனால் பல்லின் ஓரத்தில் அரம் மாதிரி கரடுமுரடு, அது பழைய பாணி. முதுகெலும்பின் பக்கங்களில் பிந்தியவற்றுக்கு ஆழமான குழிகள் இருக்கும், அதனால் எலும்பு இலேசாகும். பாரபாசோரஸில் அந்தக் குழி ஆழமில்லாத பள்ளம்தான். பழைய லயத்துச் சுவரை வைத்துக்கொண்டே முன்பக்கம் புது வீடு எடுப்பார்களே, அந்த மாதிரி பாதி பழசு பாதி புதுசு. 'ஆரம்பகால' என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான்.

கிடைக்காத பகுதிக்கு உறவினர்களிடம் கடன் வாங்குவார்கள். முழுக் கழுத்து கிடைத்த நெருங்கிய இனம் எது, அதில் கழுத்தெலும்பு எத்தனை, ஒவ்வொன்றும் முதுகெலும்போடு ஒப்பிட என்ன நீளம் என்று பார்த்துக் கணிப்பார்கள். காட்சிக்கு நிறுத்தும்போது தலையையும் அப்படிச் செய்துதான் பொருத்துவார்கள். தலையில்லாமல் நிறுத்தினால் பார்க்க வந்த பிள்ளை பயந்து அழும்.

கடன் வாங்குவது சில சமயம் காலை வாரிவிடும். 1841இல் ரிச்சர்ட் ஓவன், டைனோசர் என்ற பெயரையே பின்னர் உலகத்துக்குத் தந்தவர், இங்கிலாந்தில் கிடைத்த சில பெரிய முதுகெலும்புகளையும் கால் துண்டுகளையும் பார்த்தார். அளவைப் பார்த்தால் திமிங்கிலம் மாதிரி. கடலில் நீந்திய ராட்சத ஊர்வன என்று முடிவு கட்டி, சீட்டியோசோரஸ், அதாவது திமிங்கிலப் பல்லி என்று பெயர் வைத்துவிட்டார். சுமார் 30 ஆண்டு கழித்து ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கால் எலும்புகளோடு நல்ல எலும்புக்கூடு கிடைத்தபோதுதான் அது தரையில் நடந்த விலங்கு என்று தெளிவானது. அதுவும் ஒரு சௌரோபாட். பெயர் மட்டும் இன்னும் திமிங்கிலப் பல்லி.

இதைவிட எனக்குப் பிடித்தது வல்கனோடன். 1969இல் இன்றைய சிம்பாப்வேயில் கரிபா ஏரித் தீவு ஒன்றில், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவில் கிடைத்தது. இதற்கும் தலை இல்லை, கழுத்து இல்லை. கூடவே கத்தி மாதிரி சில பற்கள் கிடந்தன. எரிமலைத் தெய்வத்தின் பல் என்று அர்த்தம் வருகிற மாதிரிப் பெயர் வைத்தார்கள். அந்தக் கூரான பல்லோடு சேர்த்துப் பார்த்ததில் இது எந்தக் கூட்டம் என்பதிலேயே குழப்பம். கடைசியில் அந்தப் பற்கள் ஏதோ ஒரு ஊனுண்ணி டைனோசருடையவை என்று தெரிந்தது. பிணத்தைத் தின்ன வந்த இடத்தில் உதிர்த்துவிட்டுப் போயிருக்கலாம். தின்னப்பட்டவன் பெயரில் தின்றவனின் பல்!

சரி, இந்த நீண்ட கழுத்து எதற்கு? உயர்ந்த மரத்தை எட்ட என்று உடனே சொல்வோம். ஓரளவு உண்மை. ஆனால் இன்னொரு காரணத்தை மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை, வீட்டில் கேட்டாலே தெரியும். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் நெரையில் நின்ற இடத்திலிருந்தே இடமும் வலமும் கை எட்டும் மட்டும் பறித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். சரிவில், முதுகில் பாரத்தோடு, ஒவ்வொரு அடியும் உடம்பை வாட்டும். ஏழு டன் உடம்பை நகர்த்துவதும் அப்படித்தான். உடம்பை நிறுத்திவைத்து, கழுத்தை மட்டும் வீசி, மேலும் கீழும் பக்கமும் மேய்ந்தால் அடி மிச்சம்.

அது மெல்லவும் இல்லை. கரண்டிப் பல்லால் இலையைக் கவ்வி இழுத்து அப்படியே விழுங்கிவிடும். யானை நாளின் பெரும்பகுதியை மென்றே கழிக்கிறது, மெல்லுவதற்கு அரைக்கும் பெரிய பல்லும் தாடைத் தசையும் வேண்டும், அதனால் யானைத் தலை பாரம். பாரமான தலையை நீண்ட கழுத்தின் நுனியில் வைக்க முடியாது. முன்றானையில் கல்லை முடிந்து சுழற்றிப் பார்த்தால் தெரியும். மெல்லாததால் தலை சிறிதானது, தலை சிறிதானதால் கழுத்து நீள முடிந்தது. மெல்லும் வேலையை வயிறு எடுத்துக்கொண்டது. பெரிய தொட்டி மாதிரி குடலில் நாள்கணக்காக ஊறிப் புளித்துச் செரித்திருக்கும் என்பது கணிப்பு.

சாப்பிட என்ன இருந்தது? புல் கிடையாது, பூக்கிற செடியும் கிடையாது. பன்னம், குதிரைவாலி என்று சொல்லும் கணுக்கணுவான செடி (அந்தப் பெயருள்ள தானியம் அல்ல), சைக்கஸ், ஊசியிலை மரங்கள். நுவரெலியாப் பக்கத்து ஈரமான ஓடைகளில் குடை விரித்த மாதிரி நிற்கும் மரப்பன்னத்தைப் பார்த்தால் அந்தக் காலம் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும். பேராதனைப் பூங்காவில் வளைந்து நெளிந்து நிற்கும் குக் பைன் மரச்சாலையை எல்லோரும் பின்னால் வைத்துப் படம் எடுப்பார்கள். அது அரௌகேரியா குடும்பம், ஜுராசிக் காலத்திலேயே இருந்த பழைய குடும்பம். ஜெர்மன் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட செடிகளின் இலையை ஆட்டின் இரைப்பைச் சாற்றில் ஊறவைத்து எவ்வளவு சத்து வெளிவருகிறது என்று 2008இல் சோதித்துச் சொன்னார்கள். அரௌகேரியா மெதுவாக ஆரம்பித்தாலும் நேரம் போகப் போக நல்ல பலன் தந்தது. குதிரைவாலியும் நல்ல தீனி. மரப்பன்னம் அவ்வளவு தேறவில்லை. டைனோசரின் சாப்பாட்டை ஆட்டின் வயிற்றில் சமைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

வகுப்பு முடிவில் பாரபாசோரஸை வரையச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: எலும்பு கிடைத்த பகுதியை முழுக்கோட்டில் வரைய வேண்டும், கிடைக்காததைப் புள்ளிக்கோட்டில். பையன்கள் பலர் அவசரத்தில் மறந்து கோரைப்பல்லோடு முழுத் தலை போட்டுவிட்டார்கள், அதையெல்லாம் அழிக்க வைத்தேன். கல்லைக் கொண்டுவந்தவன் கால்களை மட்டும் பென்சில் உடையும் அளவுக்கு அழுத்திக் கறுப்பாக்கியிருந்தான். முன்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை கழுத்தில் பாதிவரை முழுக்கோடு, அதன் பிறகு புள்ளி புள்ளியாகத் தலை என்று மிகச் சரியாக வரைந்திருந்தாள். ஆனால் அந்தப் புள்ளித் தலையில் கண்ணுக்கு மட்டும் நல்ல மை தீட்டி, ஐந்தாறு இமைமயிரும் வைத்திருந்தாள்.

"இது எங்கே கிடைத்தது?" என்றேன்.

"கண் இல்லாம எப்படி சேர் நடக்கும்?" என்றாள்.

அதையும் புள்ளியாக்கச் சொல்லிவிட்டு, கல்லை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். மறுவாரம் இன்னும் இரண்டு கொண்டுவந்தான்.